சனிக்கிழமை ஏறாத பஸ்

இன்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் முத்துவைப் பார்த்தேன். எண்பத்தைந்தில் காலேஜ் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்து அறை.

சனிக்கிழமையானால் எல்லாரும் அழுக்குத் துணிப் பையோடு ஊருக்குக் கிளம்புவார்கள். அம்மா போன பிறகு எனக்குப் போக வீடு இல்லை. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நானும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிடுவேன். ஞாயிறு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பேன்.

இன்றுதான் அவனிடம் சொன்னேன்.

முத்து கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"நானும் பொம்மிடி பஸ்ல ஏறி அடுத்த ஸ்டாப்புல எறங்கி ரூமுக்கே வந்துருவேன்டா. வூட்ல சித்தி வந்தப்பறம் போவப் புடிக்கல. சத்தம் கேட்டுரும்னு ரேடியோகூடப் போடமாட்டேன்."

நடுவில் ஒரு சுவர்தான்.

நம் பேட்ச்சில் வேறு யாரெல்லாம் ஊருக்குப் போகாமல் உள்ளேயே கிடந்தீர்கள்? இப்போதாவது சொல்லித் தொலையுங்கள்.