பைக்குள் வார்த்த படகுகள்

எங்கள் படகுத் தொழிற்சாலையில் வக்யூம் முறைக்கு முதலில் கைதட்டியவள் நான்தான். கண்ணாடி நார்ப் படகு கட்டுகிற இடத்தில் அத்தனை வருடம் சுப்பவைசராக இருந்தவள் விற்பனைக் கதைக்கு மயங்கலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது நிஸ்தாரைப் பற்றிய கவலை.

நிஸ்தார் கிண்ணியாக்காரர். அச்சுக்குள் நார்த் துணியை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பிரஷ்ஷால் பூசி, ரோலரால் காற்றுக் குமிழ்களை நசுக்கி எடுப்பதில் அவருக்கு நிகராக எங்களிடம் ஒருவரும் இல்லை. ரெசின் காயும் மட்டும் அதிலிருந்து வரும் ஆவி கண்ணைக் கரிக்கும். அது அவருடைய நெஞ்சைப் பிடித்துவிட்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வரும், மூச்சில் விசில் கேட்கும். வேலையை விடச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார்.

"விட்டுட்டு என்ன அக்கா செய்யிற? எனக்கு வேற ஒண்டும் தெரியாதே," என்பார்.

முகமூடியைப் போடச் சொன்னால் போடுவார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கழுத்துக்கு இறக்கிவிடுவார். அவரிடம் நான் கோபித்த அளவுக்கு வீட்டில் என் கணவரிடம்கூடக் கோபித்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து திரையில் படம் காட்டினார். நார்த் துணியை உலர்வாகவே அச்சில் விரித்து, பிளாஸ்டிக் பையால் மூடி ஒட்டி, பம்பால் காற்றை உறிஞ்சினால் ரெசின் தானாக ஓடி நிரம்புமாம்.

"மூண்டு நாள் வேலை ஒரு நாளில முடியும். பாதி ஆக்கள் காணும். உலகம் முழுக்க இப்ப இதுதான்," என்றார்.

முதலாளிக்குப் 'பாதி ஆக்கள்' என்றதும் முகம் மலர்ந்தது. நான் கடைசிப் படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் கிடந்த ஒரு வரியைப் பார்த்தேன்: மூடிய முறை, ஆவி குறைவு. அது உண்மையா என்று கேட்டேன்.

"அது சின்ன விசயம் மிஸ்," என்று அடுத்த கதைக்குப் போய்விட்டார். எனக்கு அந்த வரி போதும்; படம் முடிந்ததும் நான் கைதட்டினேன், முதலாளி பம்பை வாங்கினார்.

முதல் படகை நாங்களே கெடுத்தோம். எங்களிடம் ஒரு பழக்கம்: ஒரு வாளி ரெசினுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஒரு மூடி, வெயில் ஏறினால் முக்கால் மூடி. வாளியில் கலந்ததை உடனே பூசிவிடுவதால் சூடு ஏற நேரமிராது. புது முறைக்கு முழுப் படகின் ரெசினையும் ஒரே பீப்பாவில் ஊற்றி, அதே மூடிக் கணக்கில் ஹார்ட்னரைப் போட்டோம். அச்சு பாதி நிரம்ப முதல் பீப்பா புகைந்து உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது.

"இன்னும் ரெண்டு படகு பாப்பம். சரிவராட்டி பம்பை வித்துப்போட்டுப் பழையபடி செய்வம்," என்றார் முதலாளி.

இரண்டாவது படகில் பையின் ஒட்டில் எங்கோ காற்றுக் கசிந்தது. எங்கே என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. நிஸ்தார் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, விளிம்போடு காதை வைத்துக்கொண்டு போய், மெல்லிய விசில் கேட்ட ஓரிடத்தில் விரலை ஊன்றினார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்றேன்.

"இந்தச் சத்தத்தோடதானே அக்கா நான் படுக்கிறனான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு ஸ்டோருக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது படகு முடிய ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கடைசி இரண்டும் நல்ல படகுகள். ஆனால் பை ஒட்டவே ஒரு நாள் போனது, ஆட்களும் அதே அளவு தேவைப்பட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நாள் மிச்சமா?"

"இல்லை."

"ஆள் மிச்சமா?"

"அதுவும் இல்லை. அந்த ரெண்டும் வெறும் கதை, சேர்."

"பிறகேன் பம்பை வைச்சிருக்கிற?"

"நிஸ்தாரைக் கூப்பிட்டு ஏதும் கேளுங்கோ," என்றேன்.

கசிவைக் கண்டுபிடித்த கதையை முதலாளி கேட்டார். நிஸ்தார் ஆரம்பித்தார். பம்ப், பை, ஒட்டுநாடா, மகளின் பள்ளிக்கூடம், மூதூர் மச்சானின் படகு என்று கதை நீண்டுகொண்டே போனது. முதலாளி இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கவில்லை. நிஸ்தாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரத்தில் நிஸ்தார் ஒரு தரம்கூட இருமவில்லை.

"பம்ப் நிக்கட்டும்," என்றார் முதலாளி.

பிறகு எத்தனையோ பேர் எங்களுக்குப் படம் காட்டினார்கள். எதையும் நான் முழுதாக நம்பியதுமில்லை, முழுதாகத் தள்ளியதுமில்லை. சொன்னதை நம் வெயிலில் செய்து பார்ப்பேன். சின்ன விசயம் என்று அவர்கள் தாண்டிப் போவது யாருக்குப் பெரிய விசயம் என்றும் பார்ப்பேன்.

இப்போது நான் ஓய்வில் பாலையூற்று வீட்டில் இருக்கிறேன். நிஸ்தார் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார், வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். சொன்னதையே திரும்பச் சொல்வார். அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும், அவர் பேசி முடியும் மட்டும் நான் போனை வைப்பதில்லை.