கல்வாழைக்குப் போன தண்ணீர்

பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் கலந்த நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் முழங்கால்கள் இரண்டும் தாமாகவே நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஆஸ்பத்திரி வராந்தாவிலோ கல்யாண மண்டபத்தின் பின்கட்டிலோ அந்த வாசனை வந்தால் போதும், நான் மறுபடியும் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி மணிக்கு இன்னும் எத்தனை பீரியட் பாக்கி என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். படிப்பின் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. காலை ஏழரைக்கு வீட்டில் ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு வந்தது, இனி மாலை வீடு திரும்பிய பிறகுதான்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் இருந்தது எங்கள் பள்ளி. பெயர் வேண்டாம்; அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் படித்த பாதிப் பள்ளிகளுக்கு இந்தக் கதை பொருந்தும். பையன்களும் நாங்களும் சேர்ந்து படித்த அந்த இடத்தில், பெண்களுக்கென்று கட்டடத்தின் பின்னால் நான்கு கழிப்பறைகள் இருந்தன. ஒன்று டீச்சர்களுக்கு, அதன் சாவி ஸ்டாஃப் ரூம் ஆணியில் தொங்கும். மற்ற மூன்றுக்கும் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. காலையில் மோட்டார் போட்டு ஏற்றிய தொட்டித் தண்ணீர் முதல் இன்டர்வெல்லுக்கு முன்பே தீர்ந்துவிடும். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "பின்பக்கம்". "பின்பக்கம் வரியா, கதவு புடிக்கணும்" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டால் அவர்கள் உயிர்த்தோழிகள் என்று அர்த்தம். கதவு பிடிக்க ஆளில்லாதவளுக்குப் போக வழியே இல்லை, ஆள் இருந்தாலும் வரிசை பாதி நகர்வதற்குள் மணி அடித்துவிடும்.

இதற்கு எங்கள் வகுப்புப் பெண்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபமானது. தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் பெரிய பெண்களாக ஆக ஆக ஒவ்வொருத்தியும் அந்தப் பழக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் தயிர்சாதம் தொண்டையில் நின்றால் பாட்டில் மூடியில் ஊற்றி ஒரே ஒரு மூடி. யார் அதிக நேரம் தாங்குகிறாள் என்பதில் எங்களுக்குள் போட்டியும் பெருமையும் வேறு.

நிறைந்த பாட்டிலோடு வீட்டுக்குப் போனால் திட்டு விழும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. லாரி வரும் நாளில் குடத்தோடு ஓடிப் பிடித்து, காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி அம்மாக்கள் கொடுத்தனுப்பும் தண்ணீர் அது. அதைத் திருப்பிக் கொண்டுபோக எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்? அதனால் கடைசி மணி அடித்ததும் வகுப்பு வராந்தாவை ஒட்டியிருந்த கல்வாழைப் பாத்தியில் வரிசையாக பாட்டில்களைக் கவிழ்த்துவிட்டுத்தான் பையை மாட்டுவோம். ஏப்ரல் வெயிலில் பள்ளித் தோட்டம் முழுக்கக் கருகிக் கிடந்தபோது எங்கள் கல்வாழை மட்டும் ஆள் உயரம் வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியது. வீட்டில் காலி பாட்டிலைப் பார்த்து அம்மா சந்தோஷப்படுவாள்.

அந்த வருஷம் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. போனால் நெருப்பாக எரியும், போகாவிட்டால் அடிவயிறு பிசையும். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட்டாள். "உடம்பு சூடு, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். தொப்புளில் விளக்கெண்ணெய், வெறும் வயிற்றில் வெந்தயம், ஞாயிற்றுக்கிழமை இளநீர். எண்ணெயும் வெந்தயமும் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன, இரண்டு நாள் அடங்கும், இரண்டு வாரத்தில் திரும்ப வரும். ஸ்கூலில் இன்டர்வெல் இல்லாத நேரத்திலும் போகவேண்டி வருகிறதே என்று நான் அழுதபோது, "பொம்பளப் புள்ள அடிக்கடி எழுந்து போனா பாக்க நல்லாவா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று அவள் பிரியமாகத்தான் சொன்னாள். அந்தப் பிரியத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மூன்றாவது முறை குளிர்ஜுரமும் முதுகுவலியுமாகப் படுத்துவிட்டேன். உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா லீவு போட்டுவிட்டு என்னை ரிக்‌ஷாவில் கூட்டிப் போனாள். டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கிருமி கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது, இப்படியே போனால் கிட்னி கெட்டுப்போகும் என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஸ்கூல்ல எத்தனை தடவை பாத்ரூம் போவே?"

"போகமாட்டேன் டாக்டர்."

"போகவே மாட்டியா? தண்ணி?"

"குடிக்கமாட்டேன்."

அம்மா திடுக்கிட்டு என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பி, "நீங்கம்மா? ஆபீஸ்ல?" என்று கேட்டார். கிண்டியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்த அம்மா கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் மாலை எலக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் வந்து, பஸ் பிடித்து வீட்டுக்குள் நுழைகிறவள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கைப்பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்ரூமுக்குத்தான் ஓடுவாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான் வீட்டுக்கு வருவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் போக வேண்டும் என்ற உத்தரவோடு பள்ளிக்குத் திரும்பினேன். முதல் நாளே கணக்கு சார், "இப்பத்தானே இன்டர்வெல் முடிஞ்சுது, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் கலைச்செல்வி. ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம், வாயை மூடத் தெரியாதவள். என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து நின்றாள்.

"சார், அவளுக்கு ஒண்ணுக்குப் போவணும் சார். டாக்டரே சொல்லிகீறாரு. இதுல இன்னா சார் தப்பு கீது?"

வகுப்பே சிரித்தது. சார் எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிற்கச் சொன்னார். வெளியே அனுப்பப்பட்ட நாங்கள் நேராகப் பின்பக்கம் போனோம், கலை கதவைப் பிடித்துக்கொண்டாள். தண்டனை இவ்வளவு வசதியாக இருக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அதன்பின் ஒரு வாரம் தினமும் எங்களை வெளியே நிற்கவைத்தார், தினமும் போய்வந்தோம்.

அந்த மாதம்தான் ஹெச்.எம். மேடம் காலைப் பிரேயரில் தோட்டப் பராமரிப்புக்கான கேடயத்தை எட்டாம் வகுப்பு 'பி'க்கு அறிவித்தார். இந்தக் கோடையிலும் செடியைப் பிள்ளையைப் போலக் காப்பாற்றிய பெண்களிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நான் கிளாஸ் லீடர். மேடைக்குக் கூப்பிட்டு, எப்படி வளர்த்தீர்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லும்படி மைக்கை என் முன்னால் திருப்பினார். நன்றி சொல்லிவிட்டு இறங்கத்தான் போனேன். கீழே கல்வாழை தெரிந்தது, முதுகின் இடதுபக்கம் இன்னும் வலித்தது, எனக்குத் திடீரென்று ஆத்திரம் வந்துவிட்டது.

"மேடம், இந்தப் பரிசு வேண்டாம். நாங்க செடி வளக்கல. வீட்ல குடுத்த தண்ணியக் குடிக்காம அதுல கொட்டினோம். குடிச்சா பின்பக்கம் போகணும். அங்க ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்ல. எனக்குக் கிட்னியில கிருமி வந்துடுச்சு."

பையன்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பெண்கள் வரிசையிலிருந்து கலையின் குரல் மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது. "இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்கோ? உங்களுக்கு செவுரு கீது. எங்களுக்கு இன்னா கீது?" சிரிப்பு நின்றது. அவன்கள் அதுவரை அதை யோசித்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவை உட்காரக்கூடச் சொல்லாமல், "உங்க பொண்ணு ஸ்கூல் மானத்தையே வாங்கிட்டா" என்று ஹெச்.எம். ஆரம்பித்தார். வீட்டில் அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, யார் பக்கம் பேசுவாள் என்றே தெரியவில்லை.

"மானத்தைப் பத்தி அப்புறம் பேசலாம் மேடம். முதல்ல எனக்குப் பாத்ரூம் போகணும்" என்றாள் அம்மா.

மேடம் டீச்சர்கள் பாத்ரூம் சாவியை எடுத்துவரச் சொன்னார். "அது வேண்டாம், பிள்ளைங்க போறதே போதும்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பின்பக்கத்தில், என் அம்மாவுக்காக நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள் கொசுவத்தை உதறிவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல், திரும்ப ஆபீஸ் ரூமுக்கு வந்தாள்.

"மேடம், நீங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க. நான் கதவு புடிக்கிறேன்."

மேடம் போகவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை மூன்று கதவுகளிலும் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. ஒரு நீல நிற டிரம்மும் சங்கிலியில் கட்டிய மக்கும் வந்தன. என் லீடர் பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள், போகட்டும். கோடை விடுமுறை முடிந்து வந்தபோது கல்வாழை காய்ந்து மடிந்திருந்தது. தோட்ட டீச்சர் ரொம்ப வருத்தப்பட்டார், நான் படவில்லை. ஆறு மாத மாத்திரைகளுக்குப் பிறகு என் கிட்னி பிழைத்துக்கொண்டது. என் உடம்பில் சூடு என்று எதுவும் இருந்ததில்லை, மூன்று தாழ்ப்பாள்தான் இல்லாமல் இருந்தது என்பதை இன்றுவரை கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அந்தப் பழைய கட்டடம் இல்லை. பாத்தி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கலை வீட்டு நிலமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது. லாரிக்குக் குடத்தோடு ஓடும் காட்சியும் போய், வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் வருகிறது. போகாதது ஒன்று உண்டு. சென்ற தை மாதம் திருநீர்மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மோர் நீட்டிய பெண்ணிடம் எங்கள் வரிசையில் இருந்த படித்த, வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர், "வேணாம்மா, அங்க இடம் எப்படி இருக்குமோ" என்று கையை ஆட்டினார்கள். நான் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, இடம் எங்கே என்று அந்தப் பெண்ணிடமே உரக்கக் கேட்டேன்.

போன வாரம் என் மகளின் பள்ளி டைரியில் டீச்சர் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்: "வகுப்பு நேரத்தில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கிறாள். வீட்டில் அறிவுரை கூறவும்." மகள் பயந்துகொண்டே டைரியை நீட்டினாள். பெற்றோர் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: "அறிவுரை கூறிவிட்டேன். இன்னும் ஒரு பாட்டில் சேர்த்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அனுப்பவும்."

கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.