என்னைத் தூக்கிப் போட்ட தறிக்கார அக்கா

பீளமேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்த வேலை கிடைத்ததே ஜூடோவால்தான். பெண்களுக்கென்று கம்பெனி ஓர் அணி வைத்திருக்கிறது. மத்தியானம் வரை வேலை, அப்புறம் பயிற்சி. சனிக்கிழமைகளில் ஜூடோ சொல்லிக்கொடுக்க எங்களை வேனில் ஏற்றிச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். எனக்கு வாய்த்தது சோமனூர்.

பள்ளிக்கூட ஹாலில் ஜூடோ மெத்தையை விரித்து, பெண்பிள்ளைகளுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுப்போம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் மெத்தையில் ஓங்கி அடித்து விழவேண்டும், தலையில் அடிபடாது. மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அக்கா, விசைத்தறி ஓட்டுகிறவர், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, வாசலில் நின்றபடியே தாடையை நெஞ்சோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்களாட்டம் பெரியவங்களுக்கெல்லாம் சொல்லித்தர மாட்டீங்களா?"

"வாங்கக்கா."

"சேலையோடயா?"

அடுத்த வாரம் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மகள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்க விழுந்தார், எழுந்தார், ஆளைத் தூக்கிப் போடவும் பழகினார். வகுப்பு முடிந்ததும் படியில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து எனக்குத் தக்காளிச் சோறு தருவார்.

"இத்தன எலும்பா இருந்துட்டு எப்படி அம்மணி ஆளத் தூக்கற?"

ஹாஸ்டலில் தனியாக இருந்த எனக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சனிக்கிழமை வேனில் முதல் ஆளாக ஏறி உட்காருவேன்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும், "என்னத் தூக்கிப் போடுங்கக்கா" என்றேன்.

"ஐயோ, உனக்கு அடிகிடி பட்டுப்போச்சுன்னா?"

"எனக்கு விழத் தெரியுங்கக்கா."

காலரைப் பிடித்தார், இடுப்பைத் திருப்பினார். நானே கொஞ்சம் எம்பி உதவலாம் என்றிருந்தேன். தேவைப்படவில்லை. ஹால் தலைகீழாகப் புரண்டது, மல்லாந்து கிடந்தேன். முதலில் கைதட்டியது அந்த மகள்தான். அக்கா மண்டிபோட்டு என் முகத்தைத் தடவி, "கண்ணு, ஒண்ணும் ஆகலியே?" என்று அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

கோடை விடுமுறை முடிந்து போனபோது அவர்கள் இல்லை. தறி முதலாளி தறிகளை விற்றுவிட்டாராம். குடும்பம் பல்லடம் பக்கம் வேலை தேடிப் போய்விட்டதாம். என்னிடம் அவருடைய போன் நம்பர் இல்லை. வாராவாரம் பார்க்கிறவரிடம் நம்பர் கேட்கத் தோன்றியதில்லை.

பிறகு ஒரு போட்டியில் எனக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் ஜூடோ மெத்தையில் ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். கம்பெனி என்னை ஆபீஸில் உட்காரவைத்தது. சனிக்கிழமை வேன் புறப்படும்போது ஜன்னல் ஓரமாகப் போய் நிற்பேன். புதுப் பெண்கள் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். சோமனூர்ப் பள்ளிக்கூடத்து கேட்டைத் திறக்கும் சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

இந்த வருடம் அணியில் சேரத் தேர்வுக்கு வந்தவர்களில் நெடுநெடுவென்று ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, அடையாளந் தெரியுதுங்களா?" சோமனூர் அக்காவின் மகள்! நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். யாரென்று சொன்னேன். அந்தப் பக்கம் தறிகளின் இரைச்சல்.

"இரு கண்ணு, தறிய நிறுத்திப்போட்டு வாரேன்."

ஒவ்வொரு தறியாக அடங்கும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்கு வந்துரு. வருவதானே?"

"வாரேனுங்கக்கா."

முழங்கால் விஷயத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஆகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் முழுசாக ஐந்து நாள் இருந்தது.