பன்னிரண்டாவது நிப்பிள்

கார் டீச்சர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஐம்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, தெருமுனைவரை கேட்கும் குரல். அவருடைய கார் அவரைவிட இரண்டே வயது இளையது. புது வண்டிகள் ஓட்டுகிறவரின் தப்பை மூடி மறைக்கும், இது உடனே காட்டிக்கொடுத்துவிடும், இதில் பழகியவள் எதையும் ஓட்டுவாள் என்பது அவர் கட்சி.

அந்தக் காரின் ஸ்டியரிங் திடீரென்று கல்லாய்க் கனத்தது. திருப்பங்களில் முன்சக்கரத்துப் பக்கம் கிறீச்சென்று முனகியது. வழக்கமான பட்டறையில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் பட்டறை மேஸ்திரி, கூட வந்திருந்த இரண்டு மாணவிகள் முன்னாலேயே கையை விரித்தார்.

"முன்பக்க ஜாயிண்ட் எல்லாமே போச்சு டீச்சர். இதுக்கு சாமான் தேடி அலைய என்னால முடியாது. பேசாம உடைக்கப் போட்டுடுங்க."

"எல்லாமேன்னா எது எது? சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டுங்க."

"முப்பது வருசமா இதே வேலை பாக்கறேன். உங்களுக்குக் காட்டி என்ன ஆகப்போகுது?" என்று சிரித்தார்.

மாணவிகளில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னிடம் படிக்கிறவள் தனக்காக வெட்கப்படுவதா? சாவியைக் கேட்டு வாங்கி, வண்டியை ஊர்ந்து ஊர்ந்தே வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

அடுத்த நாள் விடுமுறை. வாசலிலேயே ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, ஒருமுறை உலுக்கியும் பார்த்துக்கொண்டார். தம்பியின் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். காரோடு வந்த புத்தகத்தில் படம் இருந்தது: ஜாயிண்ட்டுகளுக்குள் கிரீஸ் ஏற்றும் குமிழ் போன்ற நிப்பிள்கள் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு.

தம்பி வெளியே வந்தான். அவன் வீட்டில்தான் அவர் குடியிருந்தார்.

"என்னக்கா கோலம் இது? தெருவே பாக்குது."

"பாக்கட்டும். டிக்கெட்டா கேட்டேன்?"

"மேஸ்திரிதான் ஆகாதுன்னுட்டாரே. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் பாக்கறேன். அவருக்கு எல்லாம் தெரியும், அதனால பாக்கவே இல்ல."

அவன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வந்து குனிந்தாள். "அண்ணி, நான் ஏதாவது புடிக்கணுமா?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியும் டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உனக்கெதுக்கு அதெல்லாம் என்று தம்பி முதல் வருடமே முடித்துவிட்டிருந்தான்.

"உள்ள ஏறி ஸ்டியரிங்கைப் புடி. சொல்றப்ப திருப்பு. என்ஜின் ஓடல, பயப்படாத."

ஒவ்வொரு நிப்பிளையும் துணியால் துடைத்து, கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்தினார். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதைக் காணோம். படத்தில் இடது சக்கரத்துக்கு உட்புறம் காட்டியிருந்தது. அங்கே ஒட்டிக் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினார். மண்ணுக்குக் கீழே பெயிண்ட். பெயிண்டுக்குக் கீழே ஒரு சின்ன மேடு.

ஆறு வருடத்துக்கு முன் அதே பட்டறையில் அடித்த பெயிண்ட் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் "கிரீஸ் அடிச்சாச்சு டீச்சர்" என்று சொல்லித்தான் வண்டியைத் தந்திருக்கிறார்கள்.

நிப்பிளைக் கழற்றினால் துவாரத்துக்குள் பழைய கிரீஸ் தாரைப் போல இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தி, டீசல் விட்டு ஊறவைத்து, புது நிப்பிள் பொருத்தினார். கன் மசியவில்லை. கிரீஸ் பக்கவாட்டில் பீய்ச்சி அவர் கன்னத்தில் அப்பியது.

"இடது பக்கம் திருப்பு! இப்ப வலது! இன்னொரு தடவை!"

விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். சட்டென்று கன் இளகியது. துருக் கலந்த செம்பழுப்புச் சேறு முதலில், பிறகு கறுப்பு, பிறகு சுத்தமான கிரீஸ்.

"அண்ணி, ஒரு விரல்ல திரும்புது!" என்று மேலிருந்து குரல் வந்தது.

வெளியே வந்து சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இடது சக்கரம் அசையவில்லை. வலது, டொக் என்றது. மறுபடியும் டொக். கீழ் ஜாயிண்ட் உண்மையிலேயே தேய்ந்திருந்தது. டீச்சர் சாக்கிலேயே சற்று உட்கார்ந்துவிட்டார். கண்டும் காணாததுபோல் வண்டியை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் பட்டறைக்கு நடந்தே போனார்.

"வலது பக்கம் கீழ் ஜாயிண்ட் தேஞ்சிருக்கு. அந்த ஒண்ணுல நீங்க சொன்னது சரி. மத்ததெல்லாம் நல்லா உறுதியா இருக்கு. இடது பக்கம் நிப்பிள் மேல பெயிண்ட் அடிச்சது உங்க ஆளுங்க. வந்து பாருங்க."

"இத்தனை வருசத்துல என்கிட்ட யாரும் இப்படிப் பேசினதில்ல."

"அப்ப இத்தனை வருசத்துல யாரும் அடியில போய்ப் பாக்கலேன்னு அர்த்தம்."

மேஸ்திரி கோபத்தோடுதான் வந்தார். சாக்கில் படுத்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஜாயிண்ட் கிடைக்க ஒரு வாரம் ஆகும்."

"அலைய முடியாதுன்னீங்க?"

"அலையறேன்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஒன்பதாம் நாள் கொண்டுவந்து, டீச்சர் பக்கத்தில் நிற்க நிற்க மாட்டிக்கொடுத்தார்.

வகுப்பு மறுபடி தொடங்கிய காலையில், மாணவிகள் வருவதற்கு முன்பே தம்பி மனைவி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தம்பி வாசலுக்கு ஓடிவந்தான்.

"எங்க கிளம்பிட்டே?"

"கார் கத்துக்க. டிபன் மேடை மேல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க."

டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். முதல் இரண்டு முறை வண்டி குலுங்கி நின்றது. தம்பி வாய்விட்டுச் சிரித்தான். மூன்றாவது முறை நகர்ந்தது.