அண்ணன் மீசையில் நின்ற லென்ஸ்

0.95 வாங்கியது சரியா, 1.4-ஓடு நின்றிருக்க வேண்டுமா? இன்றுவரை இதையேதான் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த லென்ஸ் இப்போதும் என் மேஜைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் தராசுப் படிக்கல் மாதிரி கனக்கும். கேமரா பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: லென்ஸில் எழுதியிருக்கும் அந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். கூடவே ஒரு வில்லங்கமும் வரும். அதில்தான் என் அண்ணன் மாட்டிக்கொண்டான்.

என் மூத்த மகளுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தோம். எங்கள் குலசாமி கோயில் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு புளியந்தோப்புக்குள் இருக்கிறது. உள்ளே மின்சாரம் கிடையாது, இரண்டு எண்ணெய் விளக்குகள்தான். ஃபிளாஷ், போன் டார்ச் எதற்கும் பூசாரி சம்மதிக்க மாட்டார். என் அக்கா மகனுக்கு அங்கே காது குத்தியபோது எட்டுப் போன்களில் படம் எடுத்தார்கள். எட்டிலும் ஒரே இருட்டு, நடுவில் இரண்டு விளக்குகள், சிறுத்தை ஒன்று முறைப்பது போல. என் கணவருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. "ஊசி இறங்குறப்ப பிள்ள மொகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எனக்குக் காட்டிரு" என்றார். நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். யோசித்ததெல்லாம் பிறகுதான், மூன்று மாதம்.

பெரிய கம்பெனியின் வெளிச்சமான லென்ஸ் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். கையால் வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்யும் லென்ஸ் என்றால் ஓர் ஆட்டுக்குட்டி விலைதான். ஆட்டுக்குட்டி என்று முடிவானது. ஆனால் எந்த ஆட்டுக்குட்டி? 1.4 மலிவு, ஆனால் இருட்டுக்குப் போதுமா? 1.2 நடுவாந்திரம். 0.95-ல் படத்தின் ஓரம் மங்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார், அந்த மங்கல்தான் அழகு என்று இன்னொருவர். இயற்பியலில் முதுகலை படித்தவள் நான். ஒளியைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வெழுதியவள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனில் லென்ஸ்களைக் கூடையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் பொறுமை இழந்தான்.

"ஏத்தா, ஒனக்கு மாப்பிள்ள பாக்கையில கூட நாங்க இம்புட்டு யோசிக்கலயே!"

அந்த ரோஷத்தில் 0.95-ஐ வாங்கிவிட்டேன்.

வில்லங்கம் என்றேனே, அது இதுதான். அந்த லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத்தான் தெளிவு. முன்னே பின்னே போனால் எல்லாம் புகை. தெளிவாக இருக்கும் இடத்தில் திரையில் சிவப்புப் புள்ளிகள் மின்னும். முதல் நாள் அதைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ தடிப்பு கிளம்பிவிட்டது என்று பதறி, கேமராவை வைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனவே அண்ணனைத் தோட்டத்து மோட்டார் ரூம் இருட்டில் உட்காரவைத்து, மடியில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்துப் பழகினேன். காது இருக்க வேண்டிய இடத்தில் சாந்துப் பொட்டு. அண்ணி வாசலில் நின்று, "இந்தப் பிள்ளையாச்சும் ஒங்க மடிய நனைக்காம இருக்கே" என்றாள். முப்பது படம் எடுத்தேன். முப்பதிலும் பொட்டு பளிச்சென்று விழுந்தது. பூசணிக்காய் அசையாது, பூசணிக்காய்க்கு வலிக்காது என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

காது குத்தும் அன்று அண்ணன் மீசைக்கு மை போட்டு, பட்டு வேட்டியில் வந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். சிவப்புப் புள்ளிகள் மகளின் காதில் வரிசையாக நின்றன. வளையத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். என்ன நடந்தது என்று கோயில் வாசலில், வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஊசி தொட்ட அந்த நொடியில், பிள்ளை கத்துவதற்கும் முன்னால் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடியிலிருந்த பிள்ளையையும் முன்னால் சாய்த்தபடி குனிந்திருக்கிறான். காது இருந்த தூரத்துக்கு அவன் முகம் வந்துவிட்டது. மகள் ஒரு பணியாரம் போல மங்கிக் கிடந்தாள். அண்ணனோ மீசையில் ஒவ்வொரு முடியும் எண்ணும்படி தெளிவாக இருந்தான். கோணிய உதடும், கன்னத்தில் பாதி வழியில் நின்ற கண்ணீரும் அதே தெளிவோடு.

படத்தை வாங்கிப் பார்த்த என் மாமியார் கேட்டார்: "காது யாருக்குக் குத்துனாக, பிள்ளைக்கா மாமனுக்கா?"

"வெளக்குப் புகை கண்ணக் கரிச்சுருச்சு. அழிச்சுப்புடு ஆத்தா" என்றான் அண்ணன்.

நான் அழிக்கவில்லை. அழவும் நேரமில்லை, பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். மறுநாள் கணவர் வந்ததும், சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேமராவை நீட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி அந்தக் கண்ணீரைப் பார்த்தார். "நான் இல்லாம அங்கன பிள்ளைக்கு யாரு இருந்தாகளோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இருந்திருக்காக" என்றார். இன்றும் அவர் போனைத் திறந்தால் அண்ணன்தான் அழுகிறான்.

இப்போது இளையவளுக்குக் காது குத்தப் போகிறோம். அதே கோயில், அதே இரண்டு விளக்குகள், அதே மடி. இந்த முறை கணவருக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆனால் அவர் கேட்பது பிள்ளையின் முகத்தை அல்ல, அதைத்தான் நேரிலேயே பார்த்துவிடுவாராம். "மச்சான் மொகத்துக்கு வச்சுரு" என்கிறார். அண்ணனோ, தன் முகம் தெரியாத மாதிரி ஒரு லென்ஸ் வாங்கினால்தான் மடியில் வைத்துக்கொள்வேன் என்று நிற்கிறான். லென்ஸைக் கொஞ்சம் மூடி வைத்தால் இரண்டு முகமும் தெளியும், ஆனால் படம் இருண்டுவிடும். திறந்தே வைத்தால் யாரோ ஒருவர்தான்.

இருட்டில் கையால் ஃபோகஸ் செய்து பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். இந்த 0.95-ஐ எந்த அளவுக்கு மூடலாம்? மூடவே முடியாதென்றால், வளையத்தை யார்மேல் நிறுத்துவது? சீக்கிரம் சொன்னால் நல்லது. அண்ணி பூசணிக்காயைப் பறித்து வைத்துவிட்டாள்.