ஏரியில் உதிர்ந்த ஸ்வெட்டர்

அந்த ஏரிக்குப் படகுக்காரரைப் போல ஒரு காவல் கிடையாது. பிஸ்கட் உறை ஒன்று மிதந்தால் போதும், ஊரையே ஒரு பிடி பிடித்துவிடுவார். மகளுக்கும் அதே கோபம். அவள் நீச்சல் பழகியது அங்கேதான். பாழாய்ப்போன காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அப்பாவுக்கென்று அவள் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர்தான் மிச்சம்.

ஏரி நடுவே ஒரு மிதவை, அதன்மேல் வாய் திறந்த கண்ணாடி ஜாடி. காற்றோடும் மழையோடும் வந்து விழும் பிளாஸ்டிக் தூசியைப் பிடிக்க ஆய்வுக்கூடத்துப் பெண் வைத்தது. வாரம்தோறும் ஜாடியை மாற்றுவது படகுக்காரர் வேலை.

"படகுல ஏறும்போது பருத்தித் துணி மட்டும்தாண்ணே, மத்ததுல பிளாஸ்டிக் இழை உதிரும்," என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மனுஷன் கேட்டால்தானே! மேலே பருத்திச் சட்டை, குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர். கம்பளி ஆட்டு மயிர்தானே, அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

ஒருநாள் அவள் அவரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். ஏரியில் எடுத்த பொடி நீர்ப்பூச்சி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற உடம்பு. வயிற்றில் ஒரு சிவப்பு இழை சுருண்டு கிடந்தது.

"வெள்ளை, நீலம் எல்லாம் எங்கேயோ இருந்து காத்துல வருதுண்ணே. இந்தச் சிவப்புதான் எப்படி வந்துச்சுன்னு புரியல. இது வயித்தை அடைச்சுட்டா பூச்சி இரை எடுக்காது, செத்துடும்."

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காட்டினார். அவள் ஸ்வெட்டரிலிருந்து ஒரு இழையை எடுத்து, சூடான ஊசியால் தொட்டாள். இழை உருகிச் சுருண்டது.

"பிளாஸ்டிக் நூலுண்ணே," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"என் பொண்ணு பின்னினதும்மா..." என்றார். மகள் நீந்திய தண்ணீரில், அவள் கை பட்ட நூலைத் தானே கொண்டுபோய் உதிர்த்திருக்கிறாரே.

துவைத்தாலும் உதிரும், காயப்போட்டால் காற்று கொண்டுபோகும். எரிக்கலாமென்றால் பெற்ற மனசு கேட்குமா? பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றில் ஸ்வெட்டரை வைத்து இறுக மூடினார்.

இரண்டு நாள்கூட மனைவியால் பொறுக்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவை திறங்க. அவ வாசனையாவது புடிச்சுக்கிறேன்."

அவர் ஜன்னல்களைச் சாத்தினார். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார். அதன்பிறகுதான் மூடியைத் திருகினார். அவள் முகத்தை உள்ளே புதைத்தாள், வெகுநேரம் நிமிரவில்லை.

"சோப்பு வாசனைதாங்க வருது," என்றாள். "நான்தானே துவைச்சேன்."