மலையடிவாரத்தில் ஒரு பொன்னாடை

பதினேழு வருடங்களாகக் கையில் பொன்னாடையோடு பனிக்குள் நின்றவள் நான். என் கணவரும் அவருடைய இரண்டு நண்பர்களும் ஒவ்வொரு பெப்ரவரியும் குடும்ப நாள் விடுமுறையன்று நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணி நேரம் காரோடிப் போய், பனியில் சறுக்கும் ஸ்கீ மலை உச்சியிலிருந்து போட்டிபோட்டு இறங்குவார்கள். முதலில் வருபவருக்கு அடிவாரத்தில் பொன்னாடை போர்த்தப்படும். அவர் தலைக்கவசத்தோடு நின்று நன்றியுரை ஆற்றுவார். ஒருமுறை பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி இது திருமணமா என்று கேட்டார். அதைவிடப் பெரியது என்றேன்.

நண்பர்களில் மூத்தவரை, அவர் குடியிருக்கும் இடத்தின் பெயரால், மில்லிக்கன் அண்ணை என்போம், மற்றவரை ரூஜ் அண்ணை. நாங்கள் இருப்பது யூனியன்வில்லில். மூவரும் நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். யாரோ சும்மா கொடுத்த டிக்கெட்டில் மலைக்குப் போய், நிறுத்தத் தெரியாமல் மூவரும் வேலியில் போய் விழுந்தார்கள். யார் முதலில் விழுந்தது என்ற சண்டையில் தொடங்கியதுதான் இந்தப் போட்டி. ஆரம்பத்தில் யார் வென்றது என்று தகராறுபட்டு மார்ச் முடியும்வரை ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டார்கள். அதனால் ஒரு சட்டம் செய்தார்கள்: நடுவர் சொல்வதே முடிவு, மறுபேச்சில்லை. நடுவராக என்னைப் பிடித்தார்கள். மட்டன் ரோல்ஸும் தேநீர்ப் பிளாஸ்க்கும் தாமாகவே என் தலையில் விழுந்தன.

நான் நேர்மையான நடுவர் என்று சொல்ல மாட்டேன். என் கணவர் தொடர்ந்து இரண்டு வருடம் வென்றால் வீட்டில் அவரைத் தாங்க முடியாது. குப்பை வாளியை வெளியே வைக்கப் போனாலும் சாம்பியன் நடைதான். ஆகவே ஒன்றாக வந்து சேர்ந்தார்களென்றால், அந்த வருடம் மனம் நொந்திருந்தவரை வெல்ல வைத்துவிடுவேன். ரூஜ் அண்ணைக்கு வேலை போன வருடம் அவர் வென்றார். மில்லிக்கன் அண்ணைக்கு அந்த மருமகன் வாய்த்த வருடம் அவர் வென்றார்.

ஆனால் அந்தப் பொன்னாடையை ஸ்காபரோக் கடையில் தேடி வாங்கியது நான். வருடா வருடம் கையால் தோய்த்து மடித்து வைப்பதும் நான். விழா மண்டபங்களிலும் எத்தனையோ பேருக்குப் பொன்னாடையைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு ஒருவரும் போர்த்தியதில்லை. போன வருடம் ரூஜ் அண்ணை தன் நன்றியுரையில் மலைக்கும் உச்சிக்கு ஏற்றிவிடும் லிப்டுக்கும் வெயிலுக்கும் நன்றி சொல்லிவிட்டு, ரோல்ஸில் உறைப்புக் காணாது என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அடுத்த முறை அது என் தோளில் கிடக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

டிசம்பரில், நகரசபையின் சின்ன மேடொன்றில் ஸ்கீ வகுப்புக்குச் சேர்ந்தேன். வீட்டில் நீச்சல் என்று சொல்லியிருந்தேன். வகுப்பு முடிந்து வரும் புதன்கிழமைகளில் காருக்குள் இருந்தே போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் ஆறு, ஏழு வயது. கால் பலகைகளின் முனைகளை ஒன்றுசேர்த்து முக்கோணமாகப் பிடித்தால் வேகம் குறையும். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பீட்சா. நான் வேகமெடுக்கும் போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு சிறுமி, "அன்ரி, பீட்சா" என்று கத்துவாள்.

இந்த வருடம் வாடகைப் பலகைகளோடு நானும் லிப்டில் ஏறினேன்.

"நீர் எப்ப இதைப் பழகினனீர்?" என்றார் கணவர்.

"புதன்கிழமையளில."

"அப்ப அந்த நீச்சல்?"

"தலைமயிர் மட்டும்தான் நீந்தினது."

மில்லிக்கன் அண்ணைக்கு வேறு கவலை. "தங்கச்சி, நீங்கள் மேல வந்தா கீழ ஆர் நிக்கிறது?"

"முதல் இறங்கிறவர் நிக்கட்டும், அண்ணை."

மூவரும் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். இத்தனை வருடம் ஓடியவர்களுக்கு அதிலுள்ள பிழை விளங்கவில்லை.

ரூஜ் அண்ணை முதல் வளைவிலேயே ஓரத்துத் தடுப்பு வலைக்குள் போய் விழுந்தார். மில்லிக்கன் அண்ணை முழங்காலுக்குப் பயந்து கோயில் வீதி சுற்றுபவர் போல ஆறுதலாக வந்தார். மிஞ்சியது நானும் கணவரும். காதுக்குள் அந்தச் சிறுமியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பீட்சா பிடிக்கவில்லை. பயத்தில் கண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எல்லைக் கம்பை இருவரும் ஒன்றாகத் தாண்டினோம். நான் ஒரு பனிக் குவியலில் புதைந்து நின்றேன்.

"ஆர் முதல்?" என்றார் வந்து சேர்ந்த மில்லிக்கன் அண்ணை.

"நடுவர் இல்லாட்டி ஓட்டம் செல்லாது," என்றார் அவருக்குப் பின்னால் இறங்கி வந்த ரூஜ் அண்ணை, வாயிலிருந்த பனியைத் துப்பியபடி.

"நடுவர் இஞ்சதானே நிக்கிறன்," என்றேன். "பதினேழு வருசமா நான்தானே. நடுவர் சொல்லுறதுதான் முடிவு. நான்தான் முதல்."

சட்டம் அவர்கள் செய்தது. மில்லிக்கன் அண்ணை, அடிவாரத்தில் நான் வைத்துவிட்டுப் போன பையிலிருந்து பொன்னாடையை எடுத்துவிட்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார். கடைசியில் என் கணவர் கையுறையைக் கழற்றிவிட்டு அதை வாங்கினார். போர்த்தும்போது காதுக்குள், "நான் ஒரு சாண் முன்னுக்கு வந்தனான்," என்றார்.

"ஓம், கண்டனான்."

 அவர் பொன்னாடை நழுவாமல் இரண்டு தோளிலும் இழுத்துவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கையைத் தட்டுங்கோவன்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியுரையில் முதல் நன்றியை ரோல்ஸ் செய்தவருக்குச் சொன்னேன்.